மேகமலையில் ஒரு சிங்க், ஒரு அடிபம்பு

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது. கர்ர்ர்... க்ளக். கர்ர்ர்... க்ளக். இரும்பு அடிபம்பு தண்ணி கிடைக்காம வெறும் காத்தை இழுக்கும்போது வர்ற சத்தம். சென்னையில 80-கள், 90-கள்ல வளர்ந்தவங்களுக்கு இதைக் கேட்டாலே விடியற்காலை நாலு மணி ஞாபகம் வரும். நான் இதைக் கடைசியா கேட்டது மேகமலையில, ஒரு சமையல் மேடைக்கு முன்னால நின்னுக்கிட்டு.

என் தோழி ஒருத்தி அங்கே சின்னதா ஒரு வீடு கட்டியிருக்கா. (சின்ன வீடுன்னதும் சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிடுங்க. நான் சொல்றது டைனி ஹவுஸ்.) நீளம் பதினாறு அடி, அகலம் பத்து அடி. ஒரு படுக்கை, ஒரு ஜன்னல், ஒரு சமையல் மேடை, அதுல ஒரு எவர்சில்வர் சிங்க். மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதனால மோட்டார் வேண்டாம், சிங்க் மேலேயே ஒரு கை பம்பு மாட்டிடலாம்னு முடிவு பண்ணினா. மதுரையில ஒரு கடையில பச்சை பெயின்ட் அடிச்ச குட்டி அடிபம்பு கிடைச்சது. "இருபத்தஞ்சு அடி வரைக்கும் இழுக்கும்"னு கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்குக் கீழே சரிவுல ஊத்துத் தண்ணி சேர்ற ஒரு தொட்டி இருக்கு. சிங்க்குக்கும் அந்தத் தண்ணி மட்டத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய இருபத்துநாலு அடி. கணக்கு சரியாத்தானே இருக்கு?

ஒரு நாள் முழுக்க அடிச்சோம். மேலே ஒரு செம்பு தண்ணி ஊத்தி அடிச்சோம். தோல் வாஷரை ராத்திரி முழுக்க ஊற வெச்சு மாட்டினோம். பைப் ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் டெஃப்லான் டேப் சுத்தினோம். காத்துதான் வந்துச்சு. கடைசியில சின்னமனூர்ல இருந்து ஒரு வயசான ப்ளம்பரை வரவழைச்சோம். அவர் பம்பைத் தொட்டுக்கூடப் பார்க்கல. வெளியே போய் சரிவை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"இதே பம்பு கீழ நம்ம ஊர்ல இழுக்கும் தாயி. இங்க இழுக்காது. மலை ஏறுனா நமக்கே மூச்சு வாங்குதுல்ல? இதுக்கும் வாங்கும்."

எனக்கு முதல்ல அது சும்மா ஒரு பேச்சுன்னுதான் தோணுச்சு. அப்புறம் தேடிப் படிச்சா, அவர் சொன்னது ஐரோப்பாவோட பெரிய மூளைகள் எல்லாம் பல வருஷம் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்ட விஷயம்.

கலீலியோ 1638-ல் வெளியிட்ட கடைசிப் புத்தகத்தில் ஒரு பம்பு வருகிறது. உறிஞ்சும் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் தண்ணீரை இழுக்காது. அவர்கள் ஊர் கை அளவில் அது 18. நம் கணக்கில் சுமார் பத்து மீட்டர். ஏன் என்ற கேள்விக்கு கலீலியோ சொன்ன பதில் தப்பு. தொங்குகிற கயிறு தன் கனத்தாலேயே அறுந்துபோகிற மாதிரி, தண்ணீர்த் தூணும் தன் கனத்தால் அறுந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். அவருக்குப் பிறகு வந்த டாரிசெல்லிதான், பம்பு எதையும் "இழுப்பதே இல்லை" என்று புரிந்துகொண்டார். பம்பு செய்வது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுப்பது மட்டும். தண்ணீரை மேலே தள்ளுவது, வெளியே தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் கனம். அந்தக் கனத்தால் பத்து மீட்டர் சொச்சம்தான் தள்ள முடியும். தண்ணீருக்குப் பதில் பாதரசம் ஊற்றினால் 76 சென்டிமீட்டர். 1643-44-ல் அவர் அதைச் செய்து காட்டினார்.

இங்கதான் நம்ம ப்ளம்பர் உள்ளே வர்றார். காத்துக்குக் கனம் இருக்குன்னா, மலை மேல காத்து குறைவுதானே? அப்போ அங்கே பாதரசம் இறங்கணும். பாஸ்கல் இதை யோசிச்சார். ஆனா அவர் மலை ஏறல, மச்சானை ஏத்தினார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி, அவருடைய அக்கா கணவர் ஃப்ளோரின் பெரியே, பிரான்சில் புய் தெ தோம் என்ற மலையில் கண்ணாடிக் குழாயும் பாதரசமுமாக ஏறினார். இன்னொரு குழாயை அடிவாரத்தில் ஒரு மடத்தின் தோட்டத்தில் வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு துறவியிடம் சொல்லிவிட்டுப் போனார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி இருந்தது. கீழே மடத்தில் அசையவில்லை.

சின்னமனூரில் இருந்து மேகமலைக்கு ஏறுவதும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஏற்றம்தான், இன்னும் கொஞ்சம் கூடவே. மேகமலை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். அதனால பத்து மீட்டர் சொச்சம்ங்கிற எல்லை, அங்கே எட்டரை மீட்டர் சொச்சமா சுருங்கிடுது. அதுவும் ஏட்டுக் கணக்கு. வாஷர் இடுக்கு, வால்வு கசிவு, குழாய் உரசல் எல்லாம் போக, கீழே இருபத்தஞ்சு அடி இழுக்கிற பம்பு மேலே இருபது, இருபத்தொண்ணு அடியோட நின்னுடும். எங்களுக்குத் தேவைப்பட்டது இருபத்துநாலு. கடைக்காரர் பொய் சொல்லல. அவர் மதுரைக்காரர், அவ்வளவுதான்.

சரி, இந்தப் பம்பு ஏன் இவ்வளவு குட்டியா இருக்கு? இது முதல்ல யாருக்காகச் செஞ்சது? எனக்கு இந்த எபிசோட் பண்ணணும்னு தோணினதே இந்தக் கேள்வியாலதான்.

இது சமையலறைக்காகச் செஞ்சது. அமெரிக்காவின் பண்ணை வீடுகளில், குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு மலிவான பிறகு, சிங்க் ஓரத்தில் இப்படி ஒரு பம்பை மாட்டுவது சாதாரணமாகிவிட்டது. கூரை மழைநீர் வீட்டுக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். வீட்டுப் பெண் சிங்க் முன்னால் நின்று நாலு அடி அடித்தால் பாத்திரத்துக்குத் தண்ணீர். 1930-களின் நடுவில்கூட அங்கே பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. 1936-ல் கிராமப்புற மின்மயச் சட்டம் வந்த பிறகுதான் மோட்டார் மெல்ல உள்ளே வந்தது. அதுவரை இந்தப் பம்புதான். ஒரு குடும்பம், ஒரு நாளைக்குச் சில தடவை. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இப்போ இதே பம்பை எடுத்து, ஐந்நூறு பேர் இருக்கிற ஊர் நடுவுல நட்டா என்ன ஆகும்?

அதைத்தான் நாம செஞ்சோம்.

1960-களின் நடுவில் இந்தியாவில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. பீகார் பஞ்சம் அந்தச் சமயம்தான். தக்காணம், தமிழ்நாடு போன்ற கருங்கல் பூமியில் கிணறு வெட்டுவது மாதக்கணக்கான வேலை. வெட்டினாலும் கோடையில் வற்றிவிடும். 1967-ல் யுனிசெஃப் பாறையைத் துளைக்கும் எந்திரங்களைக் கொண்டுவர ஆரம்பித்தது. கிணறு வெட்ட மாசக்கணக்கு ஆன இடத்துல, நாள் கணக்குல போர். பெரிய புரட்சிதான். போர் போட்டாச்சு, மேலே எதை மாட்டுவது? கைக்குக் கிடைத்தது ஐரோப்பிய, அமெரிக்க வீட்டுப் பம்புகளைப் பார்த்து இங்கே வார்த்த வார்ப்பிரும்பு பம்புகள்.

ஊர்ப் பம்பு விடியலில் இருந்து இருட்டும் வரை நிற்காது. ஒரு குடம் முடிந்தால் அடுத்த குடம். கைப்பிடியின் முளை தேய்ந்து ஆட ஆரம்பிக்கும், ஆடினால் உள்ளே கம்பி கோணலாகும், கோணலானால் வாஷர் ஒரு பக்கம் தின்னும், கடைசியில் வார்ப்பிரும்பு விரிசல் விடும். 1970-களின் நடுவில் கணக்கெடுத்தபோது தெரிந்தது: எந்த ஒரு நாளிலும் நாட்டின் பம்புகளில் நான்கில் மூன்று வேலை செய்யவில்லை. தண்ணீர் கீழே இருக்கிறது, துளை இருக்கிறது, பம்பு செத்துக் கிடக்கிறது. யுனிசெஃபுக்குள்ளேயே இந்தத் திட்டத்தைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது.

பதில் பெரிய ஆய்வகத்துல இருந்து வரல. மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் மிஷன்களோடு வேலை செய்த மெக்கானிக்குகள், உடைந்த பம்பைத் திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்து வெறுத்துப்போய், தாங்களே இரும்புத் தகட்டை வெட்டி, வெல்டு வைத்து ஒரு பம்பு செய்திருந்தார்கள். சோலாப்பூரில் ஆஸ்கார் கார்ல்சன் என்ற ஸ்வீடன்காரரின் வடிவம் நன்றாக நின்றது. அதன் சூட்சுமம் ஒரு செயின். சைக்கிள் செயின் மாதிரி, ஆனால் நல்ல கனமானது. கைப்பிடியை நேராகக் கம்பியோடு பூட்டினால் ஒவ்வொரு அடிக்கும் கம்பி முன்னும் பின்னும் சாயும். நடுவில் ஒரு வளைந்த தகட்டின் மேல் செயினைப் போட்டுவிட்டால், கைப்பிடி எப்படி ஆடினாலும் கம்பி நேர்கோட்டில்தான் ஏறி இறங்கும். தேய்மானம் அங்கேயே பாதி காலி.

அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, யுனிசெஃபும் அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸின் சென்னை ஆலையும் சேர்ந்து புதிய பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர் பக்கம், தண்ணீர் மிக ஆழத்தில் கிடக்கும் போர்களில், 1976-77-ல் அதை மாட்டி அடித்துப் பார்த்தார்கள். வேண்டுமென்றே கஷ்டமான இடம். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். தாங்கியது. அதுதான் இந்தியா மார்க் 2. 1979-ல் ஐ.எஸ். 9301 என்று அதற்குத் தனி இந்தியத் தரமே வந்தது. வடிவத்துக்கு யாரும் காப்புரிமை வைத்துக்கொள்ளவில்லை. தரத்தோடு செய்ய முடிந்த எந்தப் பட்டறையும் செய்யலாம். பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் ஏறியது. உங்க தாத்தா ஊர்ல, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல, சிமென்ட் மேடையில, மூணு காலோட சதுரத் தலை வெச்சுக்கிட்டு ஒரு பம்பு நிக்கும் பாருங்க, அது கோயம்புத்தூர்ல பரீட்சை எழுதி பாஸ் ஆனது.

இன்னொரு பெரிய வித்தியாசமும் இருக்கு. மார்க் 2 தண்ணியை உறிஞ்சறதே இல்ல. அதோட பிஸ்டன் மேலே கைப்பிடிக்குக் கீழே இல்ல, போருக்குள்ள தண்ணிக்கு அடியில உட்கார்ந்திருக்கு. அங்கிருந்து தண்ணியை முதுகுல சுமந்து மேலே தூக்குது. அதனால கலீலியோவோட பத்து மீட்டர் எல்லை இதைக் கட்டுப்படுத்தாது. ஐம்பது மீட்டர் ஆழத்துல இருந்தும் எடுக்கும். நாற்பது தடவை அடித்தால் சுமார் பதினைந்து லிட்டர், ஒரு குடம் நிறையும்.

ஆனா கதை "இந்தியா சாதிச்சது"ன்னு இங்கேயே முடிஞ்சா நல்லா இருக்கும், முடியல. பம்பு உடையறது குறைஞ்சது. உடைஞ்சா யார் சரி பண்றது?

தமிழ்நாட்டில் இதற்கு மூன்று அடுக்கு ஏற்பாடு ஒன்று நடந்தது. ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. ஊர்க்காரரிடம் முகவரி அச்சடித்த போஸ்ட்கார்டுகள் இருக்கும். பம்பு நின்றால் கார்டைத் தபாலில் போட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்புக்கு முன்னாடி காலத்து கம்ப்ளெயின்ட் டிக்கெட். நல்ல யோசனைதான், என்றாலும், தேய்ந்துபோன ஒரு சின்ன வாஷரை மாற்ற, மொத்தக் குழாயையும் முக்காலி வைத்து, நாலு பேர் சேர்ந்து வெளியே இழுக்க வேண்டும். வண்டி வரும் வரை ஊர்ப் பெண்கள் பழைய கிணற்றுக்கோ குட்டைக்கோதான் போக வேண்டும். அந்தத் தண்ணீரோடு நரம்புச் சிலந்தியும் வரும். (அந்த நோய் இந்தியாவில் இருந்து முழுசாகப் போய்விட்டது என்று 2000-ல்தான் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதற்குப் பின்னால் இந்தப் பம்புகளுக்கும் பங்கு இருக்கு.)

மறுபடியும் கோயம்புத்தூர். 1983-ல் இருந்து ஐந்து வருடம், ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் அங்கே கிராமத்துப் பம்புகளை வைத்து ஒரு சோதனை நடத்தின. இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, பிஸ்டனில் தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர். பல மடங்கு உழைத்தது. இன்னொன்று, கீழே போகும் குழாயைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள். இப்போது குழாய் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பிஸ்டனை மட்டும் கம்பியோடு மேலே எடுத்துவிடலாம். நாலு ஆள் வேண்டாம், முக்காலி வேண்டாம். அதுதான் மார்க் 3. எனக்குக் கேட்டா, செயினைவிட இந்த அகலக் குழாய்தான் பெரிய கண்டுபிடிப்பு. ரிப்பேர் பண்ற அதிகாரத்தை மாவட்டத் தலைநகர்ல இருந்து ஊருக்குள்ள கொண்டுவந்தது அது.

அந்த அதிகாரம் யார் கைக்குப் போச்சுங்கிறதும் சுவாரஸ்யம். 1990-களின் தொடக்கத்தில், உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகிளா சமாக்யா திட்டம் தலித், பழங்குடிப் பெண்களுக்குக் கை பம்பு ரிப்பேர் கற்றுக்கொடுத்தது. ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்து முதலில் சிரித்த ஊர்கள், பம்பு ஓடியதும் கூப்பிட ஆரம்பித்தன. அதே திட்டத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் 'மஹிளா டாகியா' என்று ஒரு செய்தித்தாள் நடத்தினார்கள். அந்த வழியில்தான் 2002-ல் 'கபர் லஹரியா' பிறந்தது. ஆஸ்கர் வரைக்கும் போன ஆவணப்படம் பார்த்திருப்பீங்களே, அந்தப் பத்திரிகைதான். ஒரு தேஞ்ச வாஷர்ல இருந்து எங்கே போய் நிக்குது பாருங்க.

இந்த நேரத்துல நகரத்துல என்ன நடந்துச்சு? சென்னையில குட்டிப் பம்பு வீட்டுக்குள்ள திரும்பி வந்துச்சு, ஆனா வேற காரணத்துக்காக. குழாய் லைன் இருக்கு, அழுத்தம் இல்ல. தெருவுக்கடியில் வரும் தண்ணீர் தரைக்கு மேலே ஏற மறுக்கும். அதனால் வீட்டு வாசலில், சில இடங்களில் குழியே தோண்டி அதற்குள், மெட்ரோ வாட்டர் லைனில் ஒரு அடிபம்பை மாட்டினார்கள். விடியற்காலையில் தண்ணீர் விடும் நேரத்துக்குத் தெரு முழுக்க அந்தச் சத்தம். முதலில் அடிப்பவருக்கு நல்ல தண்ணீர், கடைசி வீட்டுக்கு கர்ர்ர் க்ளக்.

இதுல ஒரு ஆபத்தும் ஒளிஞ்சிருந்தது. டாரிசெல்லியை ஞாபகம் வெச்சுக்கோங்க: பம்பு இழுக்கிறதில்ல, வெற்றிடம் உண்டாக்குது, வெளியில இருக்கிறது உள்ளே வருது. பழைய லைன்ல ஒரு ஓட்டை இருந்து, அதுக்குப் பக்கத்துல சாக்கடைக் குழாயும் ஓட்டையா இருந்தா, தெருவே சேர்ந்து அடிக்கும்போது உள்ளே என்ன வரும்னு நான் சொல்ல வேண்டாம். மஞ்சளா, நாத்தத்தோட வந்த தண்ணி பல பேருக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வீடும் தனக்காகச் செஞ்ச ஒரு சின்ன ஏற்பாடு, எல்லாருடைய தண்ணியையும் கெடுத்த கதை அது.

இப்போ மேகமலைக்குத் திரும்புவோம். ப்ளம்பர் மூச்சு வாங்கும்னு சொல்லிட்டு டீ குடிச்சுக்கிட்டு இருக்கார்.

சுத்திலும் ஏரி. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறுன்னு அணை கட்டித் தேக்கின தண்ணி. அது மலையில இருந்து குழாய் வழியா இறங்கி, அடிவாரத்துல சுருளியாறு மின் நிலையத்துல கரண்ட் ஆகுது. அவ்வளவு தண்ணிக்கு நடுவுல, சிங்க்ல ஒரு சொட்டு வரல. அவர் ரெண்டு வழி சொன்னார். "பம்பைக் கழட்டி சரிவுல தொட்டிக்கிட்டயே நட்டு, குடத்துல தூக்கிட்டு வாங்க. இல்லன்னா தண்ணியை சிங்க்குக்குக் கிட்ட கொண்டு வாங்க." மூணாவதா இன்னொண்ணும் கேட்டார்: "ஒரு ட்ரம்மை ஸ்டாண்டுல தூக்கி வெச்சா சாதா குழாயே போதுமே, இது எதுக்கு?" நியாயமான கேள்வி. பாதி நான் அவர் பக்கம்தான்.

தோழி ரெண்டாவது வழியை எடுத்தா. சுவரோரம் தரைக்கடியில ஒரு சிமென்ட் தொட்டி கட்டி, கூரைத் தண்ணியை அதுல விட்டோம். கூரைப் பரப்பு சுமார் பதினஞ்சு சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்குப் பதினஞ்சு லிட்டர், சிந்தறது போக. அவ்வளவு கனத்தை ஸ்டாண்டுல தூக்கி வைக்க முடியாது, அதனால பம்புக்கு ஒரு நியாயம் கிடைச்சிடுச்சு. தண்ணி மட்டம் எவ்வளவு கீழே போனாலும் சிங்க்ல இருந்து பத்து அடிக்குள்ளதான். அடியில ஒரு ஃபுட் வால்வு போட்டா அடிச்ச தண்ணி குழாய்க்குள்ளயே நிக்கும், ஒவ்வொரு தடவையும் செம்பு தண்ணி ஊத்த வேண்டாம். மூன்று அங்குல சிலிண்டர், நாலு அங்குல ஏற்றம்: ஒரு தடவை அடிச்சா அரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ராத்திரிப் பாத்திரம் கழுவ அவளுக்கு இருபது தடவை போதும், ஒன்பது லிட்டர். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் விடற குழாயை நான் என் ஃப்ளாட்ல அஞ்சு நிமிஷம் திறந்து வெச்சா முப்பது லிட்டர். பம்பு கணக்குல அறுபத்தஞ்சு தடவை. கை வலிக்கும்.

தண்ணி வந்த சந்தோஷத்துல எல்லாரும் மறந்த ஒண்ணு, சிங்க்குக்கு ரெண்டு முனை இருக்குங்கிறது. கழுவின தண்ணி போற பைப்பை சரிவுல அப்படியே விட்டிருந்தோம். மறுநாள் காலைல, கீழே லயன்ல இருக்கிற ஒரு அக்கா வந்தாங்க. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், கொழுந்து பறிக்கிறவங்க.

"பாப்பா, சோப்புத் தண்ணிய ஓடையில விட்டுறாதீக. குழாய் நின்னா நாங்க அதுலதான் எடுப்போம்."

எங்க ரெண்டு பேருக்கும் முகம் செத்துப்போச்சு. அந்த ஓடை அவங்களோட நிக்காது. இந்த மலைத் தண்ணி சுருளியாத்துல சேர்ந்து, வைகையில கலந்து, அணை வழியா மதுரைக்குப் போகுது. தோட்டத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு 1951-லயே வந்தது. எஸ்டேட்ல குடிதண்ணி கொடுக்கிறது முதலாளியோட பொறுப்புன்னு அதுல இருந்துச்சு. லயன் வீடுகள்ல குழாய் வந்ததுக்குப் பின்னால அந்த மாதிரி சட்டங்களும், கேட்டு நின்னவங்களும் இருக்காங்க. அன்னைக்கே பைப்பைத் திருப்பி, ஒரு குழி வெட்டி, ஜல்லி போட்டு, ஓரத்துல கல்வாழை நட்டோம்.

வேலை முடிஞ்சு டீ குடிக்கும்போது அந்த அக்கா பம்பையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"காசு குடுத்தா இத வாங்குனீக? நான் கல்யாணமாகி இங்க வந்தப்ப காலைல அஞ்சு மணிக்கு ஓடைக்குப் போயி நாலு குடம். அதுக்கப்புறம் பெரட்டுக்கு நிக்கணும். குழாய் வேணும்னு எத்தன தடவ கேட்டிருப்போம். நீங்க குழாய வேணாம்னுட்டு அடிக்கிறீக."

தோழி பதில் சொல்லல. நானும் சொல்லல. இருபது தடவை அடிக்கிறதை ஒரு பழக்கமா, ஒரு தியானம் மாதிரி பேசிக்கிட்டு இருந்தோம் முந்தின நாள் ராத்திரி. கரண்ட் வந்தா அவ வேணும்னா மோட்டார் போட்டுக்கலாம். வேண்டாம்னு விடறதுக்கும், கிடைக்காம இருக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற தூரம் இருபத்துநாலு அடி இல்ல.

அந்த அக்கா எந்திரிச்சு வந்து கைப்பிடியைப் பிடிச்சு ரெண்டு தடவை அடிச்சாங்க. தண்ணி வந்துச்சு. "லேசாத்தான் இருக்கு"ன்னாங்க. அப்புறம் குனிஞ்சு, கை விட்டு, பம்போட தலையை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாங்க.

"வாசரு தேஞ்சுபோனா யாரு மாட்டுவா?"

தோழி அலமாரியில இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தா. உள்ளே நாலு தோல் வாஷர், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் கிரீஸ். "நான்தாங்க்கா."

"அப்பச் சரி"ன்னு சொல்லிட்டு, டீ டம்ளரை அந்த சிங்க்லயே கழுவி வெச்சுட்டுப் போனாங்க. மூணு தடவைதான் அடிச்சாங்க. நான் எண்ணினேன்.